கை முறிந்த பிள்ளையும் கந்தோருக்குப் போகும் தாயும்

 

மார்க்கம் கேட்டு வருகின்றவர்களுக்குப் பதில் சொல்வது எங்களைப் போன்ற மௌலவிமாரின் அன்றாட வேலை. சில கேள்விகளுக்குக் கிதாபைப் புரட்டிப் பார்த்தால் போதும். வேறு சில கேள்விகளுக்கோ கேட்பவரின் வீட்டு நிலைமையை விசாரிக்காமல் வாய் திறக்கவே கூடாது. இந்த உண்மையை நான் மத்ரஸாவில் படிக்கவில்லை. என்னுடைய ஒரு பிழையிலிருந்துதான் படித்தேன். அந்தப் பிழை உங்களில் ஒருவருக்காவது பயன்படட்டும் என்ற நிய்யத்துடன் இதை எழுதுகிறேன்.

ஒரு கேள்வியும் ஒரு பிழையான பதிலும்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு ஒரு சகோதரி தொலைபேசியில் கதைத்தார். கணவர் வளைகுடா நாடொன்றில். இவர் ஒரு தனியார் கந்தோரில் வேலை. மூன்று வயது மகன் முந்திய நாள் மாலை கதிரையிலிருந்து விழுந்து இடது முன்கை எலும்பு முறிந்துவிட்டது. இரவே ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

“மௌலவி, நாளைக்கு எனக்கு லீவு எடுக்க ஏலாது. மகனை வழமையாக விடுகிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் விடலாமா? மாமி கூடாது என்கிறார். கை முறிஞ்ச பிள்ளையைக் கண்டவர்களிடம் விட்டால் அல்லாஹ்விடம் பதில் சொல்லவேணும் என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. “பிள்ளை அமானிதம் தங்கச்சி. இந்த நிலைமையில் வெளியில் விடவேண்டாம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு, ஒரு நல்ல உபதேசம் செய்த திருப்தியோடு என் வேலையைப் பார்க்கப் போனேன். வீட்டில் வைத்துக்கொள்வது என்றால் யாரோடு என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாய் மகனை மாமியிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மாமி அன்பானவர். ஆனால் நீரிழிவினால் கண் பார்வை மங்கியவர். ஆஸ்பத்திரியில் கொடுத்த அறிவுறுத்தல் தாள் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. பிள்ளை காலையிலிருந்தே அழுதான். உம்மாவைத் தேடி அழுகிறான் என்று நினைத்துத் தோளில் போட்டுத் தட்டினார். பகலைக்குப் பிறகு பனடோல் பாணி கொடுத்தார். அழுகை நிற்கவில்லை.

மாலை ஐந்தரை மணிக்குத் தாய் வந்து பார்த்தபோது கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி, நிறம் மாறி, தொட்டால் குளிர்ந்து இருந்தன. முச்சக்கர வண்டி பிடித்து ஓடினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் உடனே கட்டை நீளவாக்கில் வெட்டித் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ், விரல்களுக்கு மீண்டும் இரத்தம் ஓடியது. இரண்டு இரவுகள் வார்ட்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் அந்தக் கையின் நிலை வேறாகியிருக்கும் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு ஒருநாள் அந்தச் சகோதரி என்னிடம் சொன்னார்: “நிலையத்து டீச்சர் முதலுதவி படித்தவர், மௌலவி. மணிக்கொரு தரம் விரலைப் பார்க்கிறேன், நீங்கள் கொண்டுவாருங்கள் என்றுதான் சொன்னார்.” கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பிள்ளையை ஒப்படைப்பது பாவமா?

தாய்மார்களே, முதலில் மார்க்கத்தின் பக்கத்தைப் பார்ப்போம். பிள்ளை அமானிதம் என்பதில் சந்தேகமில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளிகள், உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஆனால் அமானிதத்தைப் பேணுவது என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் தானே மடியில் வைத்திருப்பது என்று பொருளாகாது. தகுதியானவரைத் தெரிந்தெடுத்து ஒப்படைப்பதும் பேணுதலில் ஒரு வகைதான். நம் நபி (ஸல்) அவர்களே சிசுப் பருவத்தில் ஹலீமா (ரழி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு வளர்ந்தவர்கள். பிள்ளைக்கு வேறொருவரைக் கொண்டு பாலூட்ட விரும்பினால் அதில் குற்றமில்லை என்று ஸூரத்துல் பகராவின் 233ஆம் வசனம் அனுமதிக்கிறது. எவரும் தம் சக்திக்கு மேல் சிரமப்படுத்தப்படமாட்டார் என்பதையும், தன் பிள்ளையின் காரணமாக ஒரு தாய் துன்புறுத்தப்படக் கூடாது என்பதையும் அதே வசனம்தான் எடுத்துரைக்கிறது. இரண்டாவதை நாம் எத்தனை பேர் ஞாபகத்தில் வைத்திருக்கிறோம்?

முறிவுக்குப் போடும் கட்டை நம் பிக்ஹு கிதாபுகள் ‘ஜபீரா’ என்று அழைக்கின்றன. கட்டுப் போட்டவர் வுழூச் செய்யும்போது அதை அவிழ்க்கத் தேவையில்லை, மேலே மஸ்ஹுச் செய்யலாம் என்று சட்டம் வகுத்திருக்கிறார்கள். முறிந்த எலும்புக்காக வணக்கத்தின் சட்டத்தையே இலகுவாக்கிய மார்க்கம், முறிந்த கையுள்ள பிள்ளையின் தாயை மட்டும் நெருக்குமா?

ஆகவே “வீடா, பராமரிப்பு நிலையமா” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். “எந்த இடத்தில் விபரம் தெரிந்த கண்ணும், ஓய்வான கையும் பிள்ளையின் பக்கத்தில் இருக்கின்றன” என்று கேளுங்கள். நான் அன்று கேட்கத் தவறிய கேள்வி இதுதான்.

பிள்ளையின் எலும்பு

சிறு பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களுடையதைப் போல் காய்ந்த தடியன்று. பச்சைக் கொப்பைப் போல வளையக் கூடியது. பச்சைக் கொப்பை வளைத்தால் ஒரு பக்கம் பிளந்து மறு பக்கம் வளைந்து நிற்கும் அல்லவா? பிள்ளைகளின் முறிவில் ஒரு வகை அப்படியேதான். இன்னொரு வகையில் எலும்பு பிரியாமல் ஒரு பக்கம் நசுங்கிப் புடைக்கும். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கால் முறுக்குப்பட்டுக் கீழ்க்காலின் பெரிய எலும்பில் மெல்லிய கீறல் முறிவு வருவதுண்டு. வீக்கமே தெரியாது. பிள்ளை காலை ஊன்ற மறுக்கும், அவ்வளவுதான். ஓடித் திரிந்த பிள்ளை திடீரென நடக்க மறுத்தால் ‘செல்லம் கொஞ்சுகிறது’ என்று விட்டுவிடாதீர்கள்.

எலும்பின் நுனிகளில் வளர்ச்சி நடக்கும் மென்மையான பகுதி உண்டு. அதில் அடிபட்டுக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கையோ காலோ கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். எனவே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

நல்ல செய்தியும் உண்டு. பிள்ளைகளின் எலும்பு விரைவாகப் பொருந்தும். முன்கை முறிவு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரங்களில் கூடிவிடும். ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த ஆறு வாரமே பெரிய மலை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி கிடைப்பது வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும்தான். எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஆறு வாரம் நிரம்பாது. “லீவு போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

முதல் மூன்று நாட்கள்

இருக்கிற லீவை எப்போது எடுப்பது? கட்டுப் போட்ட முதல் இரண்டு மூன்று நாட்களில்தான். உள்ளே வீக்கம் கூடும் நாட்கள் அவை. பிளாஸ்டர் இறுகிய கூடு, அது விரியாது. உள்ளே வீக்கம் ஏற ஏற இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருக்கப்படும். கவனிக்காமல் விட்டால் தசைகள் செத்துச் சுருங்கி விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். ஜெர்மானிய வைத்தியர் ஃபொல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதிவைத்தார். இன்றுவரை அந்த ஊனம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அந்த நாட்களில் கையைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டர் சில நிமிடங்களில் இறுகினாலும் முழுமையாகக் காய ஒன்றிரண்டு நாட்கள் செல்லும். அதுவரை அழுத்தவோ தட்டவோ வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தரம் விரல்களைப் பாருங்கள். நகத்தை மெதுவாக அழுத்தி விடுங்கள். வெளிறிய நகம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். மறு கை விரலைப் போலவே சூடாக இருக்க வேண்டும். பிள்ளை விரலை அசைக்க வேண்டும்.

விரல் நீலமாகவோ வெளிறியோ குளிர்ந்தோ இருந்தால், மரத்துப்போனால், விரலை நீட்டிவிட்டால் பிள்ளை அலறினால், மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போனால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த கிளினிக் நாளையும் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டினுள்ளிருந்து துர்நாற்றம் வந்தாலும், காரணமின்றிக் காய்ச்சல் அடித்தாலும் அப்படியே.

எப்போது அனுப்பலாம்?

மூன்று நாட்கள் கழிந்து, வலி தணிந்து, பிள்ளை வழமைபோல் சாப்பிட்டு, தூங்கி, விளையாடத் தொடங்கினால் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு அனுப்பலாம். கையில் கட்டுள்ள பிள்ளை வீட்டில் அடைந்து கிடப்பதைவிட, தெரிந்த முகங்களோடு கதை கேட்டுப் படம் வரைந்துகொண்டு இருப்பது மனதுக்கும் நல்லது.

இடுப்பிலிருந்து காலுக்குக் கட்டுப் போட்டிருந்தாலோ, சத்திர சிகிச்சை செய்து கம்பி வைத்திருந்தாலோ டொக்டர் அனுமதிக்கும்வரை வேண்டாம். இருபது இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டீச்சர் இருக்கும் இடமென்றால் எவ்வளவு பெயர் பெற்ற இடமானாலும் இந்த ஆறு வாரத்துக்கு அது உதவாது. காலில் கட்டுள்ள பிள்ளையைப் படியேற்றி இறக்க ஆளில்லாத இடமும் அப்படித்தான். பாலர் பாடசாலை கட்டாயக் கல்வியில் சேராது. சில வாரம் தவறினால் பிள்ளையின் படிப்புக் கெட்டுவிடாது.

டீச்சரிடம் சொல்லவேண்டியவை

பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு ஓடாதீர்கள். முதல் நாள் அரை மணி நேரம் முந்திப் போங்கள். கீழ்க்கண்டவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

1. எந்த எலும்பு முறிந்தது, எப்போது கட்டுப் போட்டது, அடுத்த கிளினிக் எப்போது.

2. விரல்களை எப்படிப் பார்ப்பது என்று டீச்சரின் கையைப் பிடித்துச் செய்து காட்டுங்கள். என்ன கண்டால் உடனே அழைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

3. உங்கள் தொலைபேசி இலக்கமும், நீங்கள் கிடைக்காவிட்டால் அழைக்க இன்னொருவர் இலக்கமும்.

4. மருந்து கொடுப்பதானால் பெயர், அளவு, நேரம். பனடோல் பாணி பிள்ளையின் நிறைக்கேற்ற அளவே கொடுக்கப்படல் வேண்டும். காலையில் வீட்டில் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

5. ஊஞ்சல், சறுக்கு, ஏணி, கதிரை ஏறல் கூடாது. மணல் விளையாட்டும் கூடாது. உள்ளே போன மணல் தோலைப் புண்ணாக்கும்.

6. கட்டு நனையக் கூடாது. கை கழுவும்போதும் மலசலகூடத்திலும் ஒருவர் கூட இருக்க வேண்டும். அரிக்கிறது என்று பென்சிலோ ஈர்க்கோ உள்ளே நுழைக்க விடக் கூடாது.

7. கட்டு பாரமானது, கடினமானது. அதனால் பிள்ளை மற்றப் பிள்ளைகளை அடித்துவிடவும் கூடும். தூக்கும்போது கையில் பிடித்து இழுக்காமல் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும்.

இன்னுமொன்று. பிள்ளை எப்படி விழுந்தது என்று டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டால் கோபப்படாதீர்கள். நடக்கவே தொடங்காத குழந்தைக்கு முறிவு வந்தால் விசாரிப்பது அவர் கடமை. பராமரிப்பு நிலையத்தில் விழுந்திருந்தால் நீங்களும் அதேபோல் அமைதியாகக் கேளுங்கள். பதில் ஆளுக்காள் மாறினால் சும்மா விடாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் அதற்காகத்தான் இருக்கிறது.

இடக்கையால் சாப்பிடும் பிள்ளை

வலது கையில் கட்டுள்ள பிள்ளை இடது கையால்தான் சாப்பிடும். எங்கள் வீடுகளிலும் முன்பள்ளிகளிலும் இதைக் கண்டால் “ஷைத்தான் கையால் சாப்பிடுகிறான்” என்று பெரியவர்களே சொல்வதுண்டு. மற்றப் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்யும். தாய்மார்களே, வலக்கையால் உண்பது ஸுன்னத். ஆனால் நோய், காயம் போன்ற காரணம் இருந்தால் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். இதை டீச்சரிடமும் சொல்லுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள். வேதனைப்படும் பிள்ளையின் மனதில் தான் பாவம் செய்கிறேன் என்ற எண்ணத்தைப் போட்டுவிடாதீர்கள். வளர்த்த சிறு பறவை செத்துப்போன துக்கத்தில் இருந்த அபூ உமைர் என்ற சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றி அன்பாக விசாரித்தார்கள் என்று ஸஹீஹான ஹதீஸில் வருகிறது. பிள்ளையின் சின்னத் துக்கமும் அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

எண்ணெய்க் கட்டும் எக்ஸ்ரேயும்

பிளாஸ்டர் போட்டு ஒரு கிழமை போவதற்குள் யாராவது ஒருவர் வந்து “இதை வெட்டியெறிந்துவிட்டு எண்ணெய் போடுங்கள்” என்பார். நம் நாட்டில் முறிவு நெரிவு வைத்தியம் பரம்பரையாக வந்த கலை. நான் அதை இழிவுபடுத்தவில்லை. முஸ்லிம்களுக்கும் இந்தக் கலையில் பெரும் பங்குண்டு. குர்துபாவைச் சேர்ந்த அஸ்ஸஹ்ராவி ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுதிய அத்தஸ்ரீப் என்ற 30 பகுதிகள் கொண்ட வைத்திய நூலின் கடைசிப் பகுதியில் எலும்பு முறிவுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. ‘ஜப்ர்’ என்ற அரபுச் சொல்லே முறிந்ததைப் பொருத்துவதைக் குறிக்கும். ‘அல்ஜப்பார்’ என்ற அல்லாஹ்வின் திருநாமத்துக்கு, உடைந்ததைச் சீராக்குபவன் என்ற கருத்தையும் அறிஞர்கள் கூறியுள்ளனர்.

ஆனால் அஸ்ஸஹ்ராவியின் காலத்தில் எக்ஸ்ரே இருக்கவில்லை. 1895இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நிஃமத் இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. முறிவு எங்கே என்று பாராமல் இழுத்துக் கட்டுவதும், தடி வைத்து இறுக்கிக் கட்டுவதும் வளரும் பிள்ளைக்கு ஆபத்து. வைத்தியம் தெரியாமல் வைத்தியம் செய்தவரே ஏற்படும் பாதிப்புக்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. டொக்டரிடம் கேட்காமல் கட்டை அவிழ்க்காதீர்கள்.

சாப்பாட்டிலும் வீண் பத்தியம் வேண்டாம். எலும்புச் சூப்பில் கல்சியம் நிறைய இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் மிகக் குறைவு. பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்தலி, முட்டை, குரக்கன், கீரை இவையே உதவும். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. வெயில் படவும் விடுங்கள்.

கட்டை வெட்டியதும் கை மெலிந்து, தோல் உரிந்து, மூட்டு இறுகி இருக்கும். பயப்படாதீர்கள். எண்ணெய் பூசிப் பலமாக உருவி நீட்டாதீர்கள். விளையாட விட்டால் தானாக நீளும். ஆனால் புதிதாகக் கூடிய எலும்பு மறுபடியும் முறியக் கூடும். சில வாரங்களுக்கு ஏறிப் பாய்வதைத் தடுங்கள். அதையும் டீச்சரிடம் சொல்லுங்கள்.

வாப்பாமாருக்கும் மாமிமாருக்கும்

இந்தச் சஞ்சிகையை வாசித்துவிட்டு வாப்பாமாரிடமும் கொடுங்கள். பிள்ளை விழுந்தவுடன் “நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று தாயிடம் கேட்பது எங்கள் சமூகத்தில் வழமையாகிவிட்டது. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே தொழுதார்கள். பின்னால் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாயின் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். உம்மத்துக்கே இமாமாக நின்றவர்கள் ஒரு தாய்க்காகத் தொழுகையைச் சுருக்கினார்கள் என்றால், ஒரு வாப்பா தன் கந்தோரில் இரண்டு நாள் லீவு கேட்க முடியாதா? வெளிநாட்டில் இருப்பவர் தம்பியையோ தங்கையையோ அழைத்து ஆளுக்கொரு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாதா? பக்கத்து வீட்டுச் சகோதரிகளே, நீங்களும் ஒரு பகல் பொழுதைக் கொடுத்துப் பாருங்கள். அது ஸதகாதான்.

மாமிமாரே, உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. அன்று அந்த மாமியும் தம்மால் இயன்றதைத்தான் செய்தார். யாரும் அவருக்கு விரலைக் காட்டிக் கொடுக்கவில்லை. பிள்ளையை வீட்டில் உங்களிடம் விடுவதானாலும் டீச்சருக்குச் சொல்வதையெல்லாம் உங்களுக்கும் சொல்லித் தரச் சொல்லி மருமகளிடம் கேளுங்கள். கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் எங்கள் நபி (ஸல்) அவர்கள். இன்று ஒரு தாய் அதே கேள்வியோடு என்னை அழைத்தால் நான் முதலில் சொல்வது பதிலாக இருக்காது. “கட்டுப் போட்டு எத்தனை நாள் தங்கச்சி? வீட்டில் யார் இருக்கிறார்கள்? அவருக்கு விரலைப் பார்க்கத் தெரியுமா? அந்த டீச்சருக்குத் தெரியுமா?” என்று கேட்பேன். அதன் பிறகு அவரே முடிவெடுப்பார். தன் பிள்ளையைத் தாயைவிட அறிந்தவர் யார்?

அந்தச் சகோதரியின் மகன் இப்போது குர்ஆன் மத்ரஸாவுக்கு வருகிறான். அந்த இடது கையில்தான் முஸ்ஹபை அணைத்துப் பிடித்துக்கொண்டு வருகிறான். காணும்போதெல்லாம் அவனுக்காக ஒரு துஆவும், எனக்காக ஓர் இஸ்திஃபாரும் செய்துகொள்கிறேன்.

முறிந்தவற்றைச் சீராக்கும் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லா ஆபத்துக்களிலிருந்தும் காத்து, தாய்மாரின் சுமையை இலகுவாக்கி வைப்பானாக! ஆமீன்.